அந்த ஸ்பூனைக் கீழ வைங்கக்கா

அந்த ஸ்பூனைக் கொஞ்சம் கீழ வைங்கக்கா. இல்ல, ஊத்துனது ஊத்துனபடி இருக்கட்டும், ஒண்ணும் ஓடிப் போகாது. அவ வாய்கிட்ட மட்டும் கொண்டு போகாதீங்க. நான்தான், வேற யாரு, உங்க மடியில படுத்திருக்கறவளோட அம்மா. இருங்க, மூச்சு வாங்குது. கீழ இருந்து ஒரே ஓட்டமா ஏறி வந்தேன்.

ஒண்ணும் ஆகல. எதுக்கு ஆகணும்? டீ பிரேக் விட்டாங்க. மத்தவங்க எல்லாம் கக்கூஸ் வரிசையில நிக்கறாங்க, நான் பெத்தத ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். குத்தமா?

கொதிக்குதா? எங்க, இங்க இருந்து எனக்கு எட்டல. கதவைத் திறங்களேன், தொட்டுப் பாக்கறேன். சரி சரி, தெரியும். அம்மாங்க அரைக்கதவுக்கு இந்தப் பக்கந்தான் நிக்கணும். ஒருத்தி உள்ள வந்தா அத்தனை பிள்ளைங்களும் எந்திரிச்சு அவங்கவங்க அம்மாவக் கேக்கும். சட்டம் நல்ல சட்டம்தான். ஆனா கொக்கியும் போட்டு, பூட்டும் போட்டு, சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு, அதுக்கு மேல என் பிள்ளைய மடியில கிடத்திட்டு உக்காந்திருக்கீங்க. நான் உள்ள வர முடியாது, நீங்க எந்திரிக்க முடியாது. உங்களையும் சேத்துல்ல பூட்டி வெச்சிருக்காங்க இந்தத் தையல் கம்பெனியில.

சிரிக்காதீங்க, ஸ்பூன் ஆடுது.

சொல்றதக் கேளுங்கக்கா, அது காய்ச்சலே இல்ல. பல்லு. கடைவாய்ப் பல்லு முளைக்குது. பல்லு வரும்போது உடம்பு கொஞ்சம் கதகதன்னுதான் இருக்கும். போன வாரமே பாத்தேன், ஈறு வீங்கி இருந்துச்சு. கையில கிடைச்சத எல்லாம் கடிக்கறா, அவங்க அப்பாவோட காக்கிச் சட்டை பட்டனைக் கூடக் கடிச்சு வெச்சிருக்கா. பல்லுக்குப் போய் மருந்து எதுக்கு?

மூக்கு ஒழுகுதா. ஆமா, அது... அது சளி. பல்லும் சளியும் சேந்து வந்திருக்கு, வரக்கூடாதா என்ன? ஒண்ணு வந்தா இன்னொன்னு வரக்கூடாதுன்னு சட்டமா? என் பொண்ணுக்கு எது வந்தாலும் ஜோடியாத்தான் வரும், அப்படி ஒரு ராசி.

ஈரத்துணி போட்டுப் பாத்தீங்களா? வெதுவெதுன்னு தண்ணியில நனைச்சு கழுத்து, அக்குள் எல்லாம் துடைச்சு விடுங்க. ரெண்டு சட்டை போட்டு அனுப்பிட்டேன், மேல இருக்கறதக் கழட்டுங்க. தண்ணி குடுங்க கொஞ்சம் கொஞ்சமா. அப்புறம் பாக்கலாம். உடனே மருந்துதானா? எடுத்த எடுப்புல மருந்துதானா?

துடைச்சுட்டீங்களா. ரெண்டு தடவையா. ம்.

இல்லக்கா, உங்கள யாரு குறை சொன்னா? உங்கள மாதிரி யாரு பாத்துப்பா? நீங்க இங்க வந்த பிறகுதான் இந்த ரூம்ல பினாயில் வாசனைக்குப் பதிலா குழந்தை வாசனை வருதுன்னு கீழ எல்லாரும் சொல்றோம். நீங்களும் எங்கள மாதிரி மெஷின்ல உக்காந்தவங்கதானே. ஊசி ஏறின விரலு, இன்னும் நகம் சரியா வளரல, பாக்கறேன்ல. உங்களுக்குத் தெரியாதா, ஒரு ஆளு எந்திரிச்சா லைனே நிக்கும். நான் சட்டையில பாக்கெட் வெச்சுக் குடுத்தாத்தான் எனக்கு அடுத்தவ காலர் வெக்க முடியும். அதனாலதான பேரு கூட மறந்து போச்சு. நான் பாக்கெட்டு, அவ காலரு. யாராவது பேரச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டோம்.

ஆமா, நான் ஏறி வரும்போது எவளோ டாக்டரம்மா டாக்டரம்மான்னு கத்துனாளே, அது என்னைத்தான். அது கம்பெனி பஸ்ல வெச்ச பேரு. ஏன்னா... சும்மா, கிண்டலுக்கு. கடைசி சீட்டுக் கூட்டம் இருக்கே, குழந்தைய வெச்சிருக்கற நாங்க எல்லாம் கடைசியிலதான் உக்காருவோம், அதுங்களுக்கு வாய் சும்மா இருக்காது. விடுங்க அத.

அய்யோ, மறுபடியும் கைய எடுக்கறீங்களே! அவ தூங்கறாக்கா. தூங்கற பிள்ளைய எழுப்பி மருந்து ஊத்துவாங்களா? தூங்கட்டும். உடம்பே பாத்துக்கும். முழிச்சதும் வாயில வெச்சு, அவ திமிறி, புரையேறி, அப்புறம் அது வேற வம்பு.

தூங்கலையா? கண்ணு சொருகிக் கிடக்காளா?

எதுக்கு அப்படி சொல்றீங்க. சொருகியா, இல்ல தூக்கமா? கூப்பிடுங்க. பாப்பான்னு கூப்பிடுங்க. பாப்பா! அம்மா இங்க இருக்கேன்டா. இங்க பாரு, கதவுகிட்ட. ஆங், பாத்துட்டா. பாத்துட்டா. கையத் தூக்கறா பாருங்க. முழிப்புத்தான். பயமுறுத்தாதீங்க என்னை.

தூக்கச் சொல்றா. திறங்கக்கா. ஒரே நிமிஷம்.

சரி. முடியாது. சரி.

அது என்ன ஸ்பூனு? டீ ஸ்பூனா, குழம்பு ஊத்தற ஸ்பூனா? ரெண்டுக்கும் எவ்ளோ வித்தியாசம் தெரியுமா? சாப்பிடற ஸ்பூன்ல போய் மருந்து அளக்கறீங்களே, ஒவ்வொரு ஸ்பூனும் ஒவ்வொரு ஆழம். பாட்டிலோட குட்டியா ஒரு கப்பு தருவான், கோடு போட்டிருப்பான், அது எங்க? தொலைச்சுட்டீங்களா? பாருங்க, அதனாலதான் சொன்னேன் கீழ வைங்கன்னு. அளவு தப்பாப் போச்சுன்னா யாரு பொறுப்பு? நாங்க மூடியில ஊத்தும்போதே...

இல்ல. வீட்ல. வீட்லன்னு சொன்னேன். எப்பவாவது வீட்ல ஊத்தும்போது மூடியில. எங்க வீட்லயும் கப்பு தொலைஞ்சு போச்சு, எல்லா வீட்லயும்தான் தொலையுது. நாங்கன்னா நானும் அவரும்.

என்னக்கா அப்படிப் பாக்கறீங்க? திருட்டு முழியா? என் முழியே அப்படித்தான்.

ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அந்த பாட்டில் எங்க இருந்து வந்துச்சு? பொம்மை டப்பாவுக்குள்ள இருந்துதான எடுத்தீங்க? மூடி இன்னும் திறந்து கிடக்கு, அந்தக் கை உடைஞ்ச கரடிக்கு அடியில. இங்க மருந்தே வெக்கக் கூடாதுன்னு சொவத்துல எழுதி ஒட்டியிருக்கு, அதுக்கு நேர் கீழ உக்காந்து ஊத்தறீங்க. கீழ நர்சம்மா இருக்காங்க, அவங்ககிட்டதான் தூக்கிட்டுப் போகணும். ஏன் போகல? சொல்லுங்க. ஏன் போகல? நான் மேனேஜர்கிட்ட போய் சொன்னா உங்க கதி என்ன?

சொல்ல மாட்டேன். சொல்ல மாட்டேன்க்கா, அழாதீங்க. என் நாக்குல சனி. எனக்குத் தெரியாதா, நர்சம்மாகிட்ட போனா அவங்க எழுதிடுவாங்க, எழுதுனா மேல போகும், மேல போனா அம்மாவ கூப்பிட்டு பிள்ளையோட வீட்டுக்குப் போன்னு சொல்லுவாங்க. எங்கள நினைச்சுத்தான நீங்க ஒளிச்சு வெச்சு ஊத்தறீங்க. ஊத்துனா மத்தியானம் வரைக்கும் தாங்கும், சாயந்திரம் எங்க கையில குடுத்துடலாம், யாருக்கும் வேலை போகாதுன்னு. புரியுது. உங்க மனசுக்கு நான் உங்க கால்ல விழணும். விழறேன், கதவு மட்டும் திறந்திருந்தா இப்பவே விழுந்திருப்பேன்.

அதனாலதான் சொல்லவும் முடியல என்னால.

ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லன்னு சொன்னேன்.

எத்தனை நாளா ஊத்தறீங்கக்கா இப்படி? ரொம்ப நாளாவா? யாருக்கு சுட்டாலுமா? அடக் கடவுளே. இல்ல, நல்லதுதான் செஞ்சிருக்கீங்க. நல்லதுதான். எனக்குத் தலை சுத்துது, படி ஏறினதுல.

உங்களுக்கு பட்டன் அக்காவ ஞாபகம் இருக்கா? ஒல்லியா, சிரிச்சா கண்ணே தெரியாதே, அவதான். அவ குழந்தை பையில, துணிக்கு நடுவுல, இந்த மருந்து பாட்டில் ஒண்ணு இருந்துச்சுன்னு வாசல்ல பிடிச்சாங்க. அவ்ளோதான், பிள்ளை பேர அடிச்சுட்டாங்க. காய்ச்சலை மறைச்சுக் கூட்டிட்டு வர்றவ பிள்ளைக்கு இங்க இடம் இல்லன்னு சொல்லிட்டாங்க. அவ பக்கத்து வீட்ல விட்டுட்டு வந்து பாத்தா, அங்கயும் சரிப்படல. அப்புறம் அவளே வரல. அந்த மெஷின்ல இப்ப வேற எவளோ உக்காந்திருக்கா, அவளையும் நாங்க பட்டன்னுதான் கூப்பிடறோம். நினைச்சுப் பாருங்க, ஒரு ஆளு போனது பேர்ல கூடத் தெரியல.

என் வீட்ல மட்டும் யாரு இருக்கா? அவருக்கு ராத்திரி வாட்ச்மேன் வேலை. நான் கிளம்பற நேரத்துக்கு உள்ள வர்றாரு, வந்து விழுந்தா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டாரு. ஒரு தடவை அவர நம்பி விட்டுட்டு வந்தேன். சாயந்திரம் போய்ப் பாத்தா தெருவுல இருக்கற தையக்கடைக்காரர் மடியில உக்காந்து பிஸ்கட் தின்னுட்டு இருக்கா இவ. கதவு திறந்து கிடக்கு, இவரு குறட்டை விட்டுட்டு இருக்காரு. அன்னைக்கு முடிவு பண்ணேன், என் பிள்ளைக்கு இந்த ரூமுதான், இந்த ரூமு போச்சுன்னா எனக்கு எல்லாம் போச்சு.

ஆனா வாசல்ல ஒருத்தன் நிக்கறான் பாருங்க, நெத்தியில துப்பாக்கிய வெக்கற மாதிரி அந்தக் காய்ச்சல் பாக்கற மெஷினை வெச்சு டிக்குன்னு அமுக்கறான். பச்சை வந்தா உள்ள. சிவப்பு வந்தா அம்மாவும் பிள்ளையும் அப்படியே திரும்பி நடக்கணும். அன்னைக்கு லீவு. ரெண்டு தடவை எனக்கு சிவப்பு வந்தாச்சு. மூணாவது வந்தா என்ன ஆகும்னு அவன் சிரிச்சுக்கிட்டே சொல்றான், ஏதோ பரிசு குலுக்கல்ல விழப்போற மாதிரி. குழந்தைன்னா காய்ச்சல் வரும்க்கா. வராம எப்படி இருக்கும்? ஒரே ரூம்ல, ஒரே பாய்ல, ஒருத்தர் மூக்கு இன்னொருத்தர் மூக்குல. இங்கதான் புடிக்குது, இங்க கொண்டு வராதங்கறாங்க. வேலைக்கு வான்னும் சொல்றாங்க, பிள்ளைக்குக் காய்ச்சல் வரக்கூடாதுன்னும் சொல்றாங்க. எங்கிட்டு போறது?

கத்தல. கத்தலக்கா. சரி, மெதுவா.

உங்களுக்கு எப்பவாவது தோணிருக்கா? காலையில வாசல்ல எல்லாப் பிள்ளைக்கும் பச்சை. நல்லா ஜில்லுனு வர்றாங்க, சிரிச்சுக்கிட்டு. வந்து கொஞ்ச நேரத்துல பாத்தா ஒண்ணு சுடுது, ரெண்டு சுடுது, வரிசையா சுடுது. எப்படின்னு யோசிச்சீங்களா?

அதத்தான் நானும் சொல்றேன், காத்து சரியில்ல. ஆமா. காத்துதான்.

வேணாம்! வேணாம்க்கா, வேணாம், கைய எடுங்க, அவ வாயத் திறக்கறா. மருந்து இனிப்பா இருக்கும்ல, அவளுக்குப் பிடிக்கும், கேட்டு வாங்கிக் குடிப்பா. குடுக்காதீங்க. உங்க பிள்ளை மேல சத்தியமா குடுக்காதீங்க. கீழ ஊத்துங்க அத. தரையில ஊத்துங்க, நான் துடைக்கறேன், என் முந்தானையால துடைக்கறேன்.

ஏற்கனவே குடுத்தாச்சு.

ஆமா. காலையில. நான்தான் குடுத்தேன். பஸ்ல. அந்த பெட்ரோல் பங்க் தாண்டி வளைவு வரும்ல, அங்க குடுத்தா கேட்டுக்கு வந்து இறங்கறதுக்குள்ள உடம்பு ஆறிடும். ரோட்டுல கூட்டம் இருந்தா இன்னும் நல்லா ஆறிடும். அவன் துப்பாக்கிய வெச்சான், பச்சை வந்துச்சு. பையில பாட்டில் இல்ல, பட்டன் அக்கா கதைக்கு அப்புறம் எவ பையில வெப்பா? சீட்டுக் கிழிசலுக்குள்ள சொருகி வெச்சுட்டு இறங்கிடுவோம். இப்ப போய் என்னை எழுதிக் குடுங்க. மூணாவது சிவப்பு இதுதான்னு வெச்சுக்கோங்க.

இல்ல, அது மட்டும்னா நான் ஓடி வந்திருக்கவே மாட்டேன். அதச் சொல்லாம எப்படியாவது உங்கள மத்தியானம் வரைக்கும் நிறுத்தி வெச்சிருப்பேன். நீங்க ஊத்தறீங்கன்னே எனக்குத் தெரியாதே, நான் வந்தது அவ எப்படி இருக்கான்னு பாக்க. வந்து பாத்தா உங்க கையில ஸ்பூனு. எனக்கு உயிரே போயிடுச்சு.

டீ பிரேக்குக்குத்தான் போனை லாக்கர்ல இருந்து குடுப்பாங்க, உங்களுக்குத் தெரியும். எடுத்துப் பாத்தா அவரு கூப்பிட்டு கூப்பிட்டு வெச்சிருக்காரு. என்னன்னு கேட்டா ரொம்ப சந்தோஷமாப் பேசறாரு மனுஷன். விடியக்காலையில வந்தாராம், நான் குளிக்கப் போயிருக்கேன், பாப்பா மூக்கடைச்சு அழுதாளாம். வீட்ல இருந்த சளி மருந்த எடுத்து ஊத்தி, தட்டித் தூங்க வெச்சுட்டு அவரும் படுத்துட்டாராம். எங்கிட்ட சொல்லல. சளி மருந்துதானே, அதப் போய் என்ன சொல்றதுன்னு. அப்புறம் பகல்ல என்னமோ அதிசயமா முழிச்சு, சாயந்திரத்துக்கு இருக்கட்டும்னு காய்ச்சல் மருந்து வாங்க மெடிக்கலுக்குப் போயிருக்காரு. கடைக்காரர் வேற என்ன மருந்து குடுக்கறீங்கன்னு கேட்டிருக்காரு. இவரு சளி மருந்தோட பேரச் சொல்லியிருக்காரு. அதுக்குள்ளயே காய்ச்சல் மருந்து கலந்திருக்குப்பா, மேல இன்னொன்னு குடுத்துடாத, ரெண்டும் ஒண்ணுதான், குழந்தையோட ஈரலைப் பிடிச்சுடும்னு சொன்னாராம். வெளிய நல்லா இருக்கற மாதிரியே இருக்குமாம், உள்ளதான் கெடுமாம். நல்ல வேளை நான் வாங்கல, உன்னையும் கூப்பிட்டு சொல்லிடலாம்னு நினைச்சேன், நீ கவலைப்படாதங்கறாரு. கவலைப்படாதங்கறாருக்கா. நான் போனைக் கையில வெச்சுட்டு சரிங்கன்னு சொன்னேன். பஸ்ல குடுத்ததச் சொல்லல அவருகிட்ட.

அவரு ஒரு தடவை. நான் ஒரு தடவை. நீங்க மூணாவது.

வெச்சுட்டீங்களா. கீழ வெச்சுட்டீங்களா ஸ்பூனை. அப்பாடா. நல்லா இருப்பீங்க. இந்தக் கதவைப் பிடிச்சுட்டு நிக்கறேன்.

ஆமா, நர்சம்மாகிட்டதான் போகணும். தெரியும். அவங்க ஆஸ்பத்திரிக்குப் போன்னுதான் சொல்லுவாங்க. போறேன். வாந்தி எடுக்க வெக்கவெல்லாம் வேணாம், விரலை விட்டுக் குடையாதீங்க, அப்படியே தூக்கிட்டுப் போயிடலாம். எப்ப குடுத்தது, எவ்ளோ குடுத்தது, என்ன பாட்டில், அவ எடை என்ன, எல்லாத்தையும் சொல்றேன். அவருக்கு போன் பண்ணி அந்த சளி மருந்து பாட்டிலையும் எடுத்துட்டு நேரா ஆஸ்பத்திரிக்கே வரச் சொல்றேன். திட்டட்டும். பேர அடிக்கட்டும். வேற எவளாவது வந்து அந்த மெஷின்ல உக்காரட்டும், அவளையும் பாக்கெட்டுன்னு கூப்பிடட்டும். எனக்கு என் பிள்ளை இருந்தாப் போதும்க்கா. இத முதல்லயே சொல்லியிருக்கணும் நான். பல்லு, சளி, ஸ்பூனு, என்னென்னமோ சொல்லிட்டு நின்னேன் பாருங்க, நீங்க ஒரு வேகத்துல ஊத்தியிருந்தா?

பெல் அடிச்சுட்டான். அடிக்கட்டும். கீழ காலரு கத்துவா, பாக்கெட் எங்க பாக்கெட் எங்கன்னு. கத்தட்டும்.

சாவிய எடுங்க. இடுப்புல இல்லையா, பாய்க்கு அடியில பாருங்க. அவசரப்படாதீங்க, பாப்பாவ முதல்ல தலைகாணியில வைங்க.

என்ன சொன்னீங்க?

என்னைக் காப்பாத்திட்டன்னா? நான் எங்க உங்களக் காப்பாத்தினேன்... இல்ல, அதுக்கு அப்புறம் சொன்னீங்களே. ஜன்னல் ஓரத்துல யாரு? அந்த மஞ்சக் குல்லா போட்டவளா? அவளும் இப்படித்தான் சுட்டாளா? சுட்டாளா, இல்ல...

எப்ப குடுத்தீங்க?

நான் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியா. இதே ஸ்பூன்லயா.

அது காலர் பொண்ணுக்கா. மஞ்சக் குல்லா நான் பின்னிக் குடுத்தது. வேற யாருக்கு? சொல்லுங்க. அந்த மூலையில ரெண்டு பேரும் ஒண்ணா படுத்திருக்குதுங்களே, அதுங்களுக்கு? அய்யோ, ரெண்டுக்குமா?

இல்ல, என்னால இப்ப கீழ போக முடியாது. சாவிய சீக்கிரம் எடுங்க. அவங்க அம்மாங்கள எல்லாம் கூப்பிட்டு விடுங்க, லைனு நின்னா நிக்கட்டும், நர்சம்மாவ இங்கயே வரச் சொல்லுங்க. ஆமா, எல்லாரையும். அவங்கவங்க வீட்ல என்ன குடுத்தாங்கன்னும் கேக்கணும்ல. நான் காட்டிக் குடுத்துட்டேன்னு காலரு என் மூஞ்சிலயே முழிக்க மாட்டா இனிமே. கட்டிப் பிடிச்சு அழுதவ அவ, பட்டன் அக்கா போன அன்னைக்கு. சரி, முழிக்க வேணாம்.

அதுங்களுக்கும் காலையில குடுத்தது எனக்கு எப்படித் தெரியுமா?

நீங்க கேட்டீங்கல்லக்கா, அவங்க ஏன் என்னை டாக்டரம்மான்னு கூப்பிடறாங்கன்னு. பாட்டில் என்னோடது. கடைசி சீட்டுல அம்மாங்க பிள்ளைங்கள கெட்டியாப் பிடிச்சுப்பாங்க, பஸ்சு ஆடற ஆட்டத்துலயும் என் கைதான் சிந்தாதுன்னு மூடிய எங்கிட்டதான் குடுப்பாங்க. சிந்தவே சிந்தாது. அதனால நீங்க இன்னைக்கு யாரு யாருக்கு ஊத்துனீங்கன்னு சொல்லிட்டே வாங்க. நான் யாரு யாருக்கு ஊத்துனேன்னு சொல்றேன்.